எடை குறைவு

போர்ட் லூயித் துறைமுகம், மூன்றாம் கொட்டகை.
காவடிக்கு வந்திறங்கிய சாம்பிராணி, பதினொரு மூட்டை.
ஒன்றில் எலி வாய் வைத்திருக்கிறது.
கம்பியால் குத்திப் பார்ப்பது என் வேலை, முகர்வதில்லை.
முகர்ந்தேன்.

இதே பிசினைத்தான் மயீன் நாட்டார்
பாலை நெடுக ஒட்டகத்தில் கொண்டுபோனார்கள்.
நின்ற இடமெல்லாம் ஒரு கை நீண்டது:
தண்ணீருக்கு, தீவனத்துக்கு, படுத்த மண்ணுக்கு,
காவல் நின்றவனுக்கு,
தூங்கிப்போன காவலனுக்கும்.
என் உத்தியோகத்துக்கு வயது அவ்வளவு.

ஒருவன் எகிப்தில் செத்தான்,
கோயிலுக்கு வாசனை அளந்தவன்.
பெட்டி அந்த ஊர்ப் பெட்டி,
எழுத்து மட்டும் மயீன் எழுத்து.

அவர்கள் ஊரில் கல்லில் தங்கியது ஒரு பட்டியல்:
இன்னான், இன்ன குலம், பெண் கொண்டான், காஸாவிலிருந்து.
இன்னான், பெண் கொண்டான், எகிப்திலிருந்து.
காஸா, காஸா, மறுபடி காஸா.
அவளுக்கும் பெயர் போட்டிருக்கிறார்கள்,
உளி பிடித்தவன் காதில் விழுந்தபடி.

என் சட்டைத் தகட்டில் 'திர்வெங்காதோம்'.
திருவேங்கடம் என்றுதான் சொல்லியிருப்பான் கப்பலிறங்கியவன்.
பதிவேட்டில் அடுத்த வரி அவனோடு வந்தவள்:
'அலமேல், பெண், 19, இடது புருவத்தில் தழும்பு.'
தழும்பு மட்டும் சரியாக இருக்கும்.

ஏஜென்ட் ஜூமான் வாசலில் நின்று கத்துகிறார்,
"யேமன்னு போடுங்க மதாம், லாரி நிக்குது!"
மரம் சோமாலியாவில் நின்றிருக்கலாம்.
வடிந்த பிறகு பிசினை யார் கேட்டார்கள்?
யேமன் என்றே போட்டேன்.

நானூறு கிராம் குறைகிறது.
காரணம் கேட்கிறது அடுத்த கட்டம்.
'வழியில்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்,
நகத்திடுக்கில் ஒட்டியதைக்
கணக்கில் சேர்க்காமல்.