ஓட்டுநருக்கு ஒரு சிபாரிசு

நரின் மருத்துவக் கல்லூரிக்கு
தெமிர்பெக் விண்ணப்பம் போட்டிருக்கிறான்.
வயது நாற்பத்தொன்று.
பதினேழு வயதுப் பிள்ளைகளின் பெஞ்சில்
முழங்கால் எங்கே வைப்பது என்று தெரியாமல்
மூன்று வருடம் உட்காரப் போகிறான்.

டாக்டர் வராத இடத்துக்கெல்லாம் போகிற ஆளுக்கு
இங்கே பெல்ட்ஷர் என்று பெயர்.
ஒன்பது வருடமாக நான் அது.
அவன் என் வண்டியின் ஓட்டுநர்.
சிபாரிசுக் கடிதம் நான் எழுத வேண்டுமாம்.

அச்சடித்த தாளில் ஒரு கட்டம்:
நோயாளியைக் கையாண்ட அனுபவம்.
சட்டப்படி, இல்லை.
ஸ்ட்ரெச்சரின் கால்பக்கம் தூக்குவான், அவ்வளவுதான்.
ஊசியைத் தொட்டதில்லை.
நாடி பிடித்ததில்லை.

ஆனால் ஜனவரியில், தோலோன் கணவாயில்,
பழைய ரஷ்ய வேனின் எஞ்சின் மூடிமேல்
சலைன் பைகளைத் தன் கம்பளித் தொப்பியால் போர்த்தி வைப்பான்.
தொப்பி இல்லாத காது நீலம் பாரித்திருக்கும்.
யாரும் சொல்லித் தரவில்லை.
உறைந்த பை ஒன்றை நான் ஒருநாள்
அக்குளில் இடுக்கிக்கொண்டு அழுததைக்
கண்ணாடியில் பார்த்திருக்கிறான்.

நான் நரம்பு தேடும்போது
சாலை நேராகிவிடும்.
வெகுநாள் அதைச் சாலையின் நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன்.
பிறகு ஒருமுறை
நான் வாய் திறக்குமுன் வண்டி நின்றது.
ஏன் என்றேன்.
"உங்கள் மூச்சு நின்றது, அதனால்."
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
ஊசி இறங்கியது. நாற்பது சதவீத குளுக்கோஸ்.
கிழவர் கண் விழித்து
தன் குதிரையை யார் கட்டினார்கள் என்று கேட்டார்.

இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுத?

இன்னொன்றும் இருக்கிறது.
எழுதலாமா என்று தெரியவில்லை.
அத்-பாஷிக்கு அப்பால் ஒரு மேய்ப்பர், சதர்குல்.
முப்பத்தெட்டு நிமிடம் அவர் நெஞ்சை அழுத்தினேன்.
கல்லூரிப் பொம்மையின் நெஞ்சு சரியாக அழுத்தினால்
பச்சை விளக்கு எரியும்.
இங்கே விலா எலும்பு முறிகிற சத்தம் மட்டும்.
எனக்கு எண்ணிக்கை தவறும்போதெல்லாம்
முன்னாலிருந்து அவன் எண்ணினான், சத்தமாக,
ஆடு எண்ணுகிறவன் மாதிரி.
பிறகு நான் கையை எடுத்தேன்.
அவன் எண்ணுவதை நிறுத்தினான்.
வேகத்தை மட்டும் குறைக்கவில்லை.
பனிச்சாலை, கீழே பள்ளம்,
சைரன் அலறிக்கொண்டே இருந்தது.
சதர்குல்லின் மனைவி அவன் பக்கத்து இருக்கையில்.
மெதுவாகப் போனால் அவளுக்குத் தெரிந்துவிடும்;
தெரிவது ஆஸ்பத்திரி வாசலில் இருக்கட்டும்,
பக்கத்தில் நாற்காலி இருக்கும், வெந்நீர் இருக்கும் என்றான் பிறகு.
அன்றிரவு அவனைத் திட்டினேன்.
செத்தவருக்காக மூன்று பேர் சாகப் பார்த்தோம் என்றேன்.
தலையை ஆட்டினான்.
சரியா தவறா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

கடிதம் பதினோரு நாள் என் கோட்டுப் பையில் கிடந்தது.
கட்டத்துக்குள் என்ன எழுதுவது என்ற குழப்பம் என்று
எல்லோரிடமும் சொன்னேன்.
பொய்.
அவன் போய்விட்டால் வண்டியை யார் ஓட்டுவார்கள்
என்ற கணக்குத்தான்.

கடைசியில் ஒரு வரி எழுதினேன்:
இவர் எதிரில் நான் கவனமாக வேலை செய்தேன்.
முத்திரை குத்தி அனுப்பினேன்.

செப்டம்பரில் புது ஓட்டுநர் வந்தான், எல்தியார்,
இருபத்துமூன்று வயது, நல்ல பையன்.
முதல் கொண்டை ஊசி வளைவிலேயே
நரம்பு நழுவிப் போர்வையெல்லாம் ரத்தம்.
"மெதுவாக" என்று கத்தினேன்.
"எவ்வளவு மெதுவாக, அக்கா?
எண் சொல்லுங்கள்."

எண் எனக்குத் தெரியவில்லை.
ஒன்பது வருடத்தில்
ஒருநாளும் முள்ளைப் பார்க்கத் தோன்றவில்லை.