இரண்டாம் கம்பி

டுலூத் நகரில் பிப்ரவரி.
சன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து கிடக்கிறது.
மார்வா யென்சன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு
நாற்பத்தோராவது தாளக்கட்டத்தை
அறுபதாவது முறையாகக் கேட்கிறாள்.

பக்கத்துக்குப் பதினெட்டு டாலர்.
பக்கங்கள் மூன்று.
வாரமும் மூன்றாகிறது.

ஆறு கோடுகள், கோட்டுக்கு ஒரு கம்பி.
கோட்டின்மேல் எண்: எந்த ஃப்ரெட்டில் விரல் என்று.
அவ்வளவுதான் என்றால் தட்டச்சு தெரிந்த யாரும் போதும்.
எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் நடப்பதற்குத்தான்
அவளுக்குச் சம்பளம்.
கம்பியைத் தள்ளினால் வளைந்த அம்பு
விரல் நடுங்கினால் நெளிகோடு
வழுக்கினால் சாய்கோடு
உள்ளே செத்த ஒலிக்குப் பெருக்கல் குறி
வாசித்தானா இல்லையா என்று
அவளுக்கே சந்தேகம் வரும் சுரத்துக்கு
இருபுறமும் அடைப்புக்குறி, காதைப் பொத்தியது மாதிரி.

எவ்வளவு தள்ளினான் என்று
அம்பின் தலையில் எழுத வேண்டும்.
முழு. அரை. கால்.
காலுக்குக் கீழே அவளிடம் சொல் இல்லை.
என்னிடம் இருக்கிறது: அரைக்கால், வீசம்.
அரிசிக் கடையிலும் நிலப் பத்திரத்திலும் தேய்ந்தவை.
கடன் கொடுக்கலாம்தான்.
அவள் கேட்கப்போவதில்லை.

வாசித்தவன் ஆர்வில் பீசன்.
அறுபத்தொன்றில், டல்சாவில், ஒரே டேக்கில்
மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டுப் போனான்.
எழுபதில் ஒரேயடியாகப் போனான்.
புகைப்படம் ஒன்றுதான் மிச்சம்,
அதிலும் கைகள் சட்டத்துக்கு வெளியே.

டேப்பைப் பாதி வேகத்தில் விடுகிறாள்.
கிதார் ஒரு ஸ்தாயி இறங்கி
பல்வலிக்காரனைப்போல் முனகுகிறது.
நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தாறு வரை
எல்லாச் சுரத்துக்கும் கால் அம்பு.
எழுபத்து மூன்று அம்புகள்.
மழை கீழிருந்து மேலே பெய்த மாதிரி ஒரு பக்கம்.
ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தாள்:
என்ன ஓர் உருக்கம்.

ஐம்பதாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டாள்.
அங்கே ஒரு திறந்த கம்பி.
எந்த விரலும் படாதது.
அதுவும் கால் ஏறியிருக்கிறது.

தொடாததை யார் தள்ளியது?

டேப் வேகம் பிசகியதோ என்று
பாஸைக் கேட்டாள். ஏறவில்லை.
பியானோ இருந்த இடத்தில் இருக்கிறது.
காபி ஆறியது. துறைமுகத்தில்
பனியுடைக்கும் கப்பல் ஒருமுறை கத்தி ஓய்ந்தது.
பிறகுதான் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தாள்:
ஐந்து கோடுகளில் எண்கள் மொய்க்கின்றன.
இரண்டாவது கோட்டில்
நாற்பத்தொன்றுக்கு அப்பால் ஒரு புள்ளிகூட இல்லை.

லப்பக்குக்குப் போன் போட்டாள்.
டிரம்ஸ் அடித்த ஹோயட் லிண்டலுக்கு எழுபத்தாறு வயது.
"கம்பி அறுந்ததா? எனக்குத் தெரியாதும்மா.
பாதியில் திரும்பிப் பார்த்தேன். சிரித்தான்.
நானும் சிரித்துவைத்தேன்."
கிதார்?
"வாடகைக்கு எடுத்தது. ஆட்டுகிற கைப்பிடி வைத்தது."

சரிதான்.
ஒரு கம்பி போனால் அடியிலுள்ள ஸ்பிரிங்குகள் வெல்லும்,
மற்ற ஐந்தும் விறைத்து மேலே ஏறும்.
அவன் எதையும் தள்ளவில்லை.
ஏறிப்போன வீட்டில் குடியிருந்தான், பதினாறு கட்டங்கள்.

எழுபத்து மூன்று அம்புகளையும் அழித்தாள்.
ரப்பர் தூள் மடியெல்லாம்.
உருக்கத்தையும் அழித்தாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

கடைசிச் சுரத்தை மட்டும் அழிக்கும்போது நின்றாள்.
அதற்கு அம்பே தேவைப்பட்டிருக்கவில்லை.
அது சுதியில் இருக்கிறது.
கைப்பிடியை உள்ளங்கையால் அழுத்தி
கால் அளவு கீழே இறக்கி
அப்படியே பிடித்திருக்கிறான், ஒலி சாகும்வரை.
அதற்குக் குறி உண்டு. போட்டாள்.

நாற்பதாவது கட்டத்தின் நான்காம் அடியில்
டிரம்ஸுக்கு அடியில் ஒரு "டிக்".
எறும்பு தடுக்கி விழுந்தது போல.
அங்கே, இரண்டாம் கோட்டின்மேல்
ஒரு பெருக்கல் குறி.

"அப்புறம் அந்தக் கோடு சும்மாதானே போகிறது,
எடுத்துவிட்டால் இடம் மிச்சம்" என்கிறான்
பதிப்பகத்து டெல்.

"இருக்கட்டும்" என்கிறாள்.
"ஆறோடுதான் வந்தான்."

பில்லில் எழுதினாள்:
மூன்று பக்கம், ஐம்பத்து நான்கு டாலர்.
லப்பக் போன் செலவு, இரண்டு நாற்பது.