டச் பார்ப்பவனின் பிறை

செவ்வாய்ப்பேட்டையில் எனக்குத் தொழில் சந்தேகப்படுவது.
கொலுசைக் கல்லில் உரசி
கீற்றின்மேல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டு
எழும் நிறத்தைப் பார்த்துச் சொல்வேன்:
எழுபத்தெட்டு. அறுபத்தைந்து.
சில நாள், இது பித்தளைக்குப் பூசின பொய்.
கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பதில்லை.
முகம் டச் சொல்லாது.

ரமலான் இருபத்தொன்பது. சேலத்தின்மேல் முழு மேகம்.
மஃரிப் தொழுது செருப்பைத் தேடுகையில் போன்:
ஏற்காட்டில் பிறை தெரிந்ததாம்.
யார் சொன்னது?
ஜீப் ஓட்டும் கலீமுல்லா.
அவனுக்கு?
நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ரைட்டர்.
ரைட்டருக்கு?
யாரோ.

கொலுசு கண்ணியில் அறுவதில்லை,
பற்றாசு வைத்த இடத்தில் அறும்.
ஹதீஸின் அறிவிப்பாளர் வரிசையை
எடைபோட்டவர்களும் என் தொழில்காரர்கள்தாம்:
இவர் அவரைச் சந்தித்தாரா, எந்த ஊரில்,
கடைசிக் காலத்தில் நினைவு தடுமாறியதா,
நடுவில் ஒரு யாரோ நுழைந்துவிட்டால்
வாசகம் எவ்வளவு அழகாயிருந்தும்
தட்டில் ஏறாது.

என்னைத்தான் அனுப்பினார்கள்.
இருபது கொண்டையூசி வளைவு, பழைய பைக்.
பதினொன்றில் பனி.
விளக்குப் போட்டால் வெள்ளைச் சுவர்,
அணைத்தால் கறுப்புச் சுவர்.
வளைவுக்கு எண் எழுதிய பலகையை நம்பித் திரும்பினேன்.
எழுதியவன் யாரென்று எனக்குத் தெரியாது.

யாரோவுக்குப் பெயர் இருந்தது. தீர்த்தாயி.
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தடியில்
ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்தாள்.
எங்கே பார்த்தீங்க?
"அந்த ரெண்டு மரத்துக்கு நடுவுல.
பொழுது எறங்குன எடத்துக்கு எடக்கைப் பக்கம்."
கொம்பு?
"ரெண்டும் மேல. ஒடஞ்ச வளவி மாதிரி."
எவ்வளவு நேரம்?
"ஆட்டைப் புடிச்சுக் கட்டுற வரைக்கும்.
அப்புறம் மஞ்சு மூடிருச்சு."
மேகக் கீற்றா இருக்குமோ?
சிரித்தாள்.
"நெலாவ எனக்குத் தெரியாதா?"

கைநீட்டிக் காட்டினாள்.
நான் பார்த்தது அவள் விரலைத்தான்.
பனி விலகியிருந்தாலும் பயனில்லை,
பிறை இறங்கி அரைமணி ஆகியிருக்கும்.

ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன்.
சாட்சியின் பெயர் கேட்டார். சொன்னேன்.
மறுமுனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
"பொய் சொல்ற ஆளாத் தெரியலையா?"
இல்லை ஹஜ்ரத். கொம்பு நிற்கும் பக்கம்கூடச் சரியாச் சொல்றாங்க.
"எனக்கும் அப்படித்தான் படுது.
எனக்குப் படுறதை வச்சு
ஊர் நோன்பை முறிக்க முடியாது.
முப்பதைப் பூர்த்தி செய்வோம்."
வைக்கும்முன்,
"வல்லாஹு அஃலம்."
அல்லாஹ்வே நன்கறிந்தவன்.
எல்லாத் தீர்ப்புக்கடியிலும் பார்த்த வரிதான்.
அன்று அது கையெழுத்துபோல் கேட்கவில்லை.
கதவை முழுக்கச் சாத்தாமல் விடுவதுபோல் இருந்தது.

நெருப்பு இருக்கிறதென்று கேட்டறிவது இல்முல் யகீன்.
கண்ணால் காண்பது ஐனுல் யகீன்.
சுட்டு அறிவது ஹக்குல் யகீன்.
மூன்றாவதை என் விரல்நுனி அறியும்,
திராவகம் தின்ற தழும்பு சாட்சி.
தீர்த்தாயி இரண்டாவதில் ஆடு கட்டுகிறாள்.
நான் முதலாவதின் வெளியே
பைக்கை ஸ்டாண்ட் போட்டு நிற்கிறேன்,
நம்புகிறேன், சாட்சி சொல்ல முடியாது.

மறுநாள் நோன்பிருந்தேன். தாகம் அதே தாகம்.
சாயங்காலம் மேகம் விலகி எல்லாருக்கும் தெரிந்தது.
கொஞ்சம் தடித்த பிறை.
சிறுவர்கள் கத்தினார்கள்.
பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் தக்பீர் சொன்னார்கள்.

பெருநாள் கழிந்து கடை திறந்ததும்
முதல் கொலுசு. உரசினேன்.
கறுப்புக் கல்லில் மெல்லிய கீற்று,
சொட்டு விட்டேன், நிறம் எழுந்தது.
சீட்டில் எழுபத்தாறு என்றெழுதி
பதினெட்டு வருஷத்தில் எழுதாத ஒரு சொல்லையும் சேர்த்தேன்.

பட்டறைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"தோராயமாவா?
பாய், நீங்களே இப்படி எழுதினா
நான் யாரைக் கேக்குறது?"