சொல்லின் துண்டு

சீனக்குடா எடைமேடையில் எனக்கு இரவு முறை.
மாவு லொறி ஒன்று போனால்
அடுத்தது வர நாற்பது நிமிடம்.
அந்த நாற்பதுகளுக்குள்தான்
எனக்கென்று ஒரு டைம்லைன் கட்டினேன்.

பழைய இடத்தில் திறந்தவுடன் கொட்டும்.
யாருடையதோ கலியாணம், யாருடையதோ வசை,
ஒருமுறை நின்று பார்த்த சப்பாத்து
தொண்ணூறு முறை.
கோட்டையடி மான்கள்
பொலித்தீனையும் பழத்தோலையும்
ஒரே வாயால் மெல்லுமே, அப்படித்தான்
ஆறு வருடம் மென்றிருக்கிறேன்.

இந்தச் சர்வரில் எவரும் கொட்டவில்லை.
"நீங்கள் இன்னும் யாரையும் பின்தொடரவில்லை."
வெள்ளையில் அந்த ஒரு வரி.
இரண்டு லொறி போகும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒவ்வொருவராய்.
நிலாவெளிக் கடலடியில் பவளம் எண்ணும் தர்ஷிகா.
பனிக்குள் நிற்கும் பஸ் தரிப்பிடங்களை மட்டும் படமெடுக்கும்,
எந்த நாடென்று இன்றுவரை தெரியாத ஒருவர்.
சிங்களத்தில் நீர்மட்டம் எழுதும் நிலூக;
மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தினால்
"கந்தளாய்த் தொட்டி நிரம்பிவிட்டது" என்று வரும்.
கிண்ணியாவில் தாதி ரிஸ்மியா,
ஆஸ்பத்திரி பற்றி ஒரு வரியும் எழுதமாட்டாள்,
தினம் ஒரு பூனை.
உதயம் போடுகிறவர்கள் மூவர் இருந்தார்கள்.
இருவரை எடுத்துவிட்டேன்.
சூரியன் ஒன்றுதானே.

என்னோடு எதிலும் ஒத்துப்போகாத
உப்புவெளிப் பேரின்பநாயகத்தையும் சேர்த்தேன்,
வேண்டுமென்றேதான்.
வாரத்தில் இரண்டுமுறை கோபம் வந்தால்
உடம்புக்கு நல்லதென்று.

அப்போதுதான் சிலைச் சண்டை.
எந்தச் சிலை, எந்த முடக்கு என்று
திருமலைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.
நூற்றுப்பதினான்கு பேரில்
முப்பது பேர் அதையே எழுதினார்கள்.
பேரின்பநாயகம் ஒரே இரவில் பதினேழு.
நிலூகவும்,
நீர்மட்டத்தை விட்டுவிட்டு.

மூன்றாம் இரவு வடிகட்டியைத் திறந்தேன்.
சொல்: சிலை.
காலம்: ஏழு நாள்.
முழுச் சொல் மட்டுமா, துண்டாய் வந்தாலுமா
என்று கேட்டது.
துண்டாய் வந்தாலும் என்றேன்.
சிலையை, சிலைக்கு, சிலையால்,
எந்த வேற்றுமை உருபைப் போர்த்திக்கொண்டும்
என் வாசலுக்கு வராதே.

நல்ல ஏழு நாள்.
பவளம். பனி.
மூதூர்ப் பக்கம் இடி இறங்கும் ஒரு நிமிட வீடியோ.
நானே கட்டிய அமைதிக்குள்
லொறிகள் ஏறின, இறங்கின,
வெறும் எடை, நிறை எடை,
கழித்து எழுதினேன்.

எட்டாம் இரவு வடிகட்டி காலாவதியானது.
விரலால் கீழே கீழே இறங்கிப் போனால்,
ஐந்து நாளுக்கு முந்திய ரிஸ்மியா:

"வாப்பாவை ஐசியூவுக்கு மாற்றினார்கள்.
இப்ப என்ன செய்ய வேண்டுமென்று
எனக்குத் தெரியும், என் தொழிலே அதுதான்.
வாசலில் சிலை மாதிரி நின்றேன்."

கீழே பதினொரு பேர்.
பேரின்பநாயகம்: "மகள், எந்த வார்ட்? இரத்தம் தேவையா?"
நிலூக சிங்களத்தில் இரண்டு சொல்,
பொத்தானை அழுத்தாமலே விளங்கியது.
பனிக்காரர் ஒரு தரிப்பிடம் போட்டிருந்தார்,
ஆளில்லை, விளக்கு எரிந்தபடி.

நான் இல்லை.

ஐந்து நாள் பூனை வரவில்லை.
வரவில்லை என்று எதுவும் எனக்குச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஹோர்ன் அடித்தது. மேடையில் லொறி.
பதினெட்டாயிரத்து நானூறு கிலோ.
சாரதியின் கையெழுத்தை வாங்கிவிட்டு வந்து
"வாப்பாவுக்கு இப்ப எப்படி" என்று அடித்தேன்.
அழித்தேன்.
எட்டாம் நாள் கேட்கிற கேள்விக்கு
எந்த உருபு சேர்ப்பது?

சொல்லை வடிகட்டியிலிருந்து எடுத்தேன்.
சண்டை உள்ளே வந்தது,
எல்லா வேற்றுமைகளோடும்.

காலை ஐந்தரைக்கு அவளிடமிருந்து பூனை.
படம் மட்டும்.
வடிகட்ட ஒரு சொல்லும் இல்லாமல்.