அச்சாரம்

கால் விற்கிறாள் ட்வைலா ப்ரூவிட்.
சந்தையில் அதற்குப் பெயரே அதுதான், கால் ஆப்ஷன்.
முழங்கால் இரண்டும் தேய்ந்தது வேறு கணக்கு:
இருபத்தாறு வருடம், ராத்திரி ஷிப்ட்,
ஒன்பதாம் வரிசை, நாய்த்தீனி மூட்டைகள்.
சம்பளத்தில் பிடித்துப் பிடித்து
அதே கடையின் பங்கு நானூறு சேர்ந்திருந்தது,
குனிய முடியாமல் வேலையை விட்ட அன்று.

ஆர்கன்சாவில், ஹாரிசன் ஊர் எல்லையில்
ஒரு சமையலறை மேசை. ஒளிரும் போன்.
பங்கு இன்று தொண்ணூற்றொன்று.
மூன்றாம் வெள்ளிக்குள்
தொண்ணூற்றைந்தைத் தாண்டினால்
தொண்ணூற்றைந்துக்கே எடுத்துக்கொள் என்று
முகம் தெரியாத யாருக்கோ வாக்குக் கொடுக்கிறாள்.
வாக்குக்கு விலை, பங்குக்குத் தொண்ணூறு சென்ட்.
முந்நூறு பங்குக்கு இருநூற்று எழுபது டாலர்.
எது நடந்தாலும் திருப்பித் தர வேண்டாத அச்சாரம்.

நாலாவது நூறை விற்பதில்லை.
ஏன் என்று லைல் ஹன்ஸ்பர்கர் கேட்டால்
"அது டேரலோடது" என்பாள்.
டேரல் ஒரு பங்கும் வாங்கியதில்லை.
அவள் பிடித்தத்தை நிறுத்தப்போன வருடம்
ட்ரக்கை விற்று வந்து
மேசைமேல் பணத்தை வைத்தான், பேசாமல்.

செப்டம்பர் அச்சாரம் ப்ரொப்பேன் ஆனது.
அக்டோபர், பின் டயர் இரண்டும்.
நவம்பர், ஒரு பல்.
முழுப் பல் இல்லை, பாதி.

"சும்மா வரும் பணம்" என்று லைல் சொல்வான்.
சும்மா இல்லை என்று அவளுக்குத் தெரியும்.
விலை எண்பதுக்கு வழுக்கிய அந்த வசந்தத்தில்
அச்சாரம் எதையும் தாங்கிப் பிடிக்கவில்லை.
இறக்கம் முழுக்க அவளுடையது.
ஏற்றத்தில்தான் பங்காளி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலாண்டுக் கணக்கு வந்தது.
கடை எதிர்பார்த்ததற்கு மேல் விற்றிருந்தது
(அவள் வாங்கிய பூனை மணலும் அதில் அடக்கம்).
பங்கு நூற்று மூன்று.
"திரும்ப வாங்கு, அடுத்த மாதத்துக்குத் தள்ளு" என்றான் லைல்.
"வெள்ளி வரை நாள் இருக்கே" என்றாள்.

நாள் இருக்கவில்லை.
டிவிடெண்டுக்கு முந்தின இரவே
அந்த யாரோ கையை நீட்டிவிட்டார்.
வியாழன் காலை, காப்பி இறங்குமுன்,
முந்நூறும் இல்லை.
அந்த இடத்தில் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு டாலர்
ஒரே எண்ணாக உட்கார்ந்திருந்தது.
அவ்வளவு பெரிய எண்ணை
தன் பேருக்குக் கீழே அவள் பார்த்ததில்லை.
எட்டை முந்நூறால் பெருக்கினாள்.
ஒரு பழைய ரசீதின் பின்பக்கம்.
அடித்தாள். பேனா கிழித்துவிட்டது.
யாரும் ஏமாற்றவில்லை. எரிச்சலே அதுதான்.

பிற்பகல் ரொட்டி, பால், கடைக்குப் போனாள்.
கார் நிறுத்துமிடத்தில் ஆங்காங்கே
அநாதையாய் நிற்கும் தள்ளுவண்டிகளை
கொட்டிலில் கொண்டு சேர்ப்பது அவள் வழக்கம்.
நூறு பங்குக்கு ஒரு வண்டி,
போகும்போதெல்லாம் நாலு.
சம்பளமில்லாத முதலாளி என்று
அங்கே வேலை செய்யும் பையன்கள் சிரிப்பார்கள்.

இன்று ஒன்றைத் தள்ளிச் சேர்த்தாள்.
கைகளை ஜாக்கெட்டில் துடைத்துக்கொண்டாள்.

காற்று இன்னொன்றைக் கிளப்பிவிட்டது.
சக்கரம் கடகடக்க, யாரோ ஒருவரின்
புது பிக்கப்பை நோக்கி.
அது அவளுடையது இல்லை.
இன்று காலையிலிருந்து இல்லை.

காலை நீட்டி நிறுத்தினாள், வலது கால்,
வலிக்கிற கால்.
அப்படியே நின்றாள்,
எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல்,
பால் ஒரு கையில் சில்லிட.