நூற்றுப்பத்து மில்லிமீட்டர்

தொகாஷி சார் ஊருக்குப் போகிறார்.
தடாவில் வாடகை வீட்டைக் காலி செய்த சனிக்கிழமை
குக்கரைக் காவலாளிக்குக் கொடுத்தார்,
குடையை எனக்கு.
பிறகு யோசித்து, போர்வையில் சுற்றிய
இரண்டு சைக்கிள் பிரேம்களைத் தூக்கிவந்தார்.
"ஏகவல்லிக்கு ஒன்று, பெஞ்சலய்யாவுக்கு ஒன்று.
நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்."

பந்தயக்காரர்கள் ஓட்டிக் கழித்தவை.
அவர் நாட்டில் சரிவான வட்டத்தளத்தில்
ஒன்பது பேர் சுற்றிவர, சனங்கள் பணம் கட்டுவார்களாம்.
பிரேக் கிடையாது. பிரேக் மாட்ட ஓட்டையும் கிடையாது.
சக்கரம் சுற்றும்வரை மிதியும் சுற்றும்.
நிற்க நினைத்தால் காலால்தான் மறுக்க வேண்டும்.

"நீ எடு" என்றேன்.
"ஏதைனா பர்வாலேது" என்றான் பெஞ்சலய்யா, நாயுடுப்பேட்டைக்காரன்.
சொல்லிவிட்டு நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நானும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு
நீலத்தையே பார்த்தேன்.
எல்லைக்கு இரண்டு பக்கமும்
அந்தச் சொல் ஒரே பொய்தான் சொல்கிறது.

நீலத்தின் நெற்றியில் ஒரு பறவையின் பெயர்: கலவிங்க.
தொகாஷி போனில் படம் காட்டினார்,
பெண்முகம், சிறகு, கோழிக்கால்.
முட்டைக்குள் இருக்கும்போதே பாடத் தொடங்கிவிடுமாம்.
அகராதியில் தேடினேன். கலவிங்கம்: ஊர்க்குருவி.
உயர உயரப் பறந்தாலும் என்று அம்மா ஆரம்பித்தாள்.
மீதியைச் சொல்ல விடவில்லை.

சிவப்பில் பெயின்ட் உரிந்திருந்தது. மேல்குழாயில்
கைப்பிடி மோதிய பள்ளம், கட்டைவிரல் உட்காரும் அளவு.
பக்கத்தில் யாரோ ஒருவரின் பெயர், மூன்றே எழுத்து.
விழுந்தவர் பெயர் என்று வைத்துக்கொண்டேன்.

இரவு ஷிப்டில், இரண்டு மணி டீக்குப் பிறகு
கிரானைட் மேசையில் இரண்டையும் கிடத்தினோம்,
பகலெல்லாம் கியர்பெட்டி மூடிகளை அளக்கும் மேசை.
சிவப்பு: பின்முனை ஒன்றரை மில்லி இடப்பக்கம் தள்ளி.
நீலம்: டயலில் முள் அசையவில்லை.
மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி வைத்தேன்.
அசையவில்லை.
பெஞ்சலய்யா தெலுங்கில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்,
மரியாதையாக.

காயம்பட்டதற்குத்தான் கதை உண்டு, அழகு உண்டு என்பார்கள்.
சொல்பவர்கள் யாரும் என் மேசையில் உட்கார்ந்ததில்லை.
ஏழு வருஷமாய்ச் சரியானதெல்லாம்
பச்சைச் சீட்டு ஒட்டி லாரியேறிப் போய்விடுகிறது.
சிவப்புச் சீட்டு ஒட்டியது மட்டும் என்னோடு தங்குகிறது.
ஆரம்பாக்கத்தில் என் வீட்டுக் கதவு சாத்தாது.
பீரோவின் ஒரு காலுக்குக் கீழே மடித்த அட்டை.
சம்பளச் சீட்டில் என் பெயரே ஏகவள்ளி.

"நீலம் எனக்கு" என்றேன்.

சரி என்றான் உடனே.
கொஞ்ச நேரம் கழித்து, "சக்கரம்?"

சக்கரம் ஒரே ஜோடி, தொகாஷியின் பால்கனியில் கிடந்தது.
பின்குடம் நூற்றிருபது மில்லி.
சிவப்பின் இடைவெளி நூற்றிருபது.
நீலத்தில் நூற்றுப்பத்து.
வெர்னியரைப் பிடித்திருந்தவள் நான்.
நீலம் எனக்கு என்று வாய் திறப்பதற்கு முன்பே
அளந்தாயிற்று.
கொஞ்சம் விரித்தால் நுழையும் என்றான்.
நேராக இருப்பதை விரிக்கவா?

இப்போது ஞாயிறு விடிகாலைகளில்
லாரிகள் கிளம்புவதற்கு முன்
தொழிற்பேட்டையின் வட்டச்சாலையில்
பெஞ்சலய்யா சிவப்பில் போகிறான்.
ஒன்றரை மில்லி கோணல் அவனுக்குத் தெரியவே இல்லை.
கையை விட்டுவிட்டு ஓட்டிக் காட்டுகிறான்.
நிறுத்தச் சொன்ன இடத்தைத் தாண்டி
"ஆகட்லேது அக்கா!" என்று கத்திக்கொண்டே
இன்னொரு சுற்று போய்விடுகிறான்.

நீலம் வீட்டில் ஆணியில் தொங்குகிறது.
சக்கரத்துக்கு மாதம் ஆயிரம் சேர்க்கிறேன்,
கணக்குப்படி அடுத்த தை.
இருக்கை மாட்டாத குழாயின் வாய் திறந்தே இருக்கிறது.
சாயங்காலம் பழவேற்காட்டுப் பக்கமிருந்து
சாத்தாத கதவு வழியாகக் காற்று வரும்.
நேற்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்,
யாருடி அங்கே ஊதுறது?