நூறு மீட்டரில் ஒரு சதுரம்

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்மஸ்
சனிக்கிழமை காலை கதவைத் தோளால் தள்ளி வந்து
துப்பாக்கியை என் மேசைமேல் கிடத்தினார்.
"ஸ்கோப் செத்துப்போச்சு" என்றார்.
கடமான் வேட்டை திறக்கச் சரியாக இரண்டு வாரம்.
கூஹ்மோவில் அந்த இரண்டு வாரமும்
எல்லார் ஸ்கோப்பும் சாகும்.

உண்மையில் அவை சாவது அபூர்வம்.
பழி சுமப்பதுதான் அன்றாடம்.
துப்பாக்கியைவிட விலை கொடுத்து வாங்கியதல்லவா,
முதலில் அதைத்தான் திட்டத் தோன்றும்.

ஆடத் தெரியாமல் மேடை கோணல் என்பவரைப் பார்த்துச்
சிரிப்பது எளிது.
இருபத்தாறு வருடம் இந்தப் பட்டறையில் நின்ற பிறகு
நான் சிரிப்பதில்லை.
சில மேடைகள் கோணல்தான்.

ஆகவே, திருகுகள்.
முன்வளையத்தில் ஒன்று
சாவி கேட்கவில்லை, விரல்நகத்துக்கே சுழன்றது.
கழற்றினேன். எண்ணெயைத் துடைத்தேன். பசை ஒரு துளி.
டார்க் ரெஞ்ச் 'டக்' என்று போதும் சொல்லும்வரை முறுக்கு,
அதற்குமேல் மயிரிழையும் இல்லை:
வீம்புக்கு இறுக்கினால் ஸ்கோப்பின் உடல் நசுங்கும்,
உள்ளே குறுக்கிழை மூச்சுத் திணறும்.
குழலில் செம்பு படிந்திருந்தது.
ஆறு துணி நீலமாக வந்தன.
ஏழாவது வெள்ளை.

மதியம், சுடுதளம்.
மணல் மூட்டை. இலை அசையாத ஈரம்.
முதலில் நானே படுத்தேன்.
குறி வைக்கும் புள்ளி ஒன்றே, கடைசிவரை மாறாது.
ஒரு தோட்டா.
இருபது கிளிக் மேலே, ஒன்று.
இருபது வலம், ஒன்று.
இருபது கீழே, ஒன்று.
இருபது இடம்:
ஐந்தாவது தோட்டா
முதல் ஓட்டையின் விளிம்பைக் கடித்துக்கொண்டு நின்றது.
தாளில் நான்கு மூலை, கோணாத சதுரம்.
இந்தக் கண்ணாடிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

பிறகு ஆர்மஸ்.
மூன்றும் கீழே, சற்று வலப்பக்கம்,
சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறி.
"பார்த்தீங்களா?" என்றார்,
ஏறக்குறைய மகிழ்ச்சியாக.

அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லி
நானே தோட்டா நிரப்பினேன்.
மேலே ஒன்று நிஜம், கீழே ஒன்று நிஜம்.
நடுவில்
மருந்தில்லாத பித்தளை.

முதலாவது வெடித்தது.
இரண்டாவது:
டிக்.

அவ்வளவுதான் சத்தம்.
ஆனால் குழல்முனை சடாரென்று குனிந்து
காற்றைக் கொத்தியது.
தோள் முன்னால் பாய்ந்தது, வராத இடியைத் தாங்க.
கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன.
நான் பார்த்ததை
அவர் உடம்பு உணர்ந்திருந்தது.

கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல்
கட்டையிடமே சொன்னார்:
போன நவம்பர். ஒரு பெட்டை. தாடையில் பட்டது.
ரிபே இரண்டு நாள் மோப்பம் பிடித்தாள்.
மூன்றாம் நாள் காலை, பனி கொட்டித் தடம் மூடிவிட்டது.
தாடை போனால் எப்படி மேயும், சொல்லுங்கள்.

ஊருக்கே தெரியும். யாரும் கேட்டதில்லை.
கேட்காமலிருப்பது எங்கள் பக்கத்து மரியாதை.
எனக்கும் ஆறுதல் சொல்ல வராது.
பிளாஸ்க்கைத் திறந்தேன். காபி ஆறியிருந்தது.
இருவரும் குடித்தோம்.
மிச்சமிருந்த நிஜத் தோட்டாவை
அவரே வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

ரசீது எழுதினேன்:
திருகு ஒன்று, குழல் சுத்தம், ஒரு மணிநேரம் சுடுதளம்.
பித்தளைப் போலியை எழுதவில்லை.
அதை அவர் கேட்காமலே சட்டைப்பையில் போட்டுக்கொண்டதை
நானும் பார்க்கவில்லை.

வேட்டை திறந்த காலை
ஏரிச் சாலையில் அவர்களைக் கண்டேன்.
துப்பாக்கி மச்சினி சைமியின் தோளில்.
ஆர்மஸின் கையில் நாய்க்கயிறு மட்டும்.
ரிபே இழுத்த இழுப்புக்கு அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

ஒன்பதே கால் மணிக்கு
அக்கரையிலிருந்து ஒரு வெடி.
பட்டறை வாசலில் அரத்தைப் பிடித்தபடி நின்று
இரண்டாவதுக்குக் காது கொடுத்தேன்.

வரவில்லை.
மறுபடி ராவத் தொடங்கினேன்.